வீட்டுப் படிப்பும் பிள்ளையின் நடையும்

(குறிஞ்சிப்பிட்டியில் நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

வீட்டிலே பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுப்பதைப்பற்றிப் பேச வேண்டும் என்று காரியதரிசி அவர்கள் கேட்டபோது நாங்கள் முதலில் மறுத்தோம். நாங்கள் பயிற்றப்பட்ட உபாத்தியாயர்கள் அல்லர். வெங்காயமும் மிளகாயும் வைத்துப் பிழைக்கும் தோட்டக்காரர். காரியதரிசி விடவில்லை. "நீங்கள் விட்ட பிழைகளைச் சொன்னாற் போதும், அதைக் கேட்கத்தான் ஆட்கள் வருவார்கள்" என்றார். பிழைகள் என்றால் எங்களிடம் வேண்டிய அளவு உண்டு. ஆகவே வந்தோம். இங்கே "நாங்கள்" என்று பேசுவது மரியாதை கருதி அன்று. வீட்டிற் பாடஞ் சொன்னவர்கள் கணவன் மனைவி இருவரும். பிழை விட்டவர்களும் இருவரும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டில் வைத்துப் படிப்பியுங்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நமது நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை பிள்ளைகளுக்குக் கல்வி கட்டாயம். 1945 ஆம் ஆண்டு முதல் அது இலவசமாகவும் கிடைத்து வருகிறது. பள்ளிக்கூடம் இருக்கட்டும். ஆனால் பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கும் காலமும் வருகிறதே! 2020 இலும் 2021 இலும் கொரோனா. 2022 ஜூன், ஜூலை மாதங்களில் எரிபொருள் இல்லாத கஷ்டம். 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயலும் வெள்ளமும். ஒவ்வொரு முறையும் வீடுதான் பள்ளிக்கூடமாயிற்று. அப்போது பிள்ளையை எந்த வேகத்தில் நடத்துவது என்பதே நாங்கள் பேச வந்த விஷயம்.

2020 மார்ச் மாதத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அம்மாதம் 13 ஆந் திகதி முதற் பாடசாலைகள் மூடப்பட்டன. நாடு முழுவதும் ஊரடங்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னதாக, 18 ஆந் திகதியே, நமது புத்தளம் பகுதிக்கு ஊரடங்குச் சட்டம் வந்துவிட்டது. அப்போது எங்கள் மகள் நாலாந் தரம். மகன் முதலாந் தரம். ஜனவரியிற் சேர்ந்தவன், புதுச் சப்பாத்தின் பளபளப்புப் போகுமுன்பே வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடம் என்று அவன் கண்டது ஏறக்குறைய இரண்டு மாதந்தான்.

தொலைக்காட்சியிற் பாடம் வந்தது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்னும் இணையத்தளத்திலும் பாடங்கள் இருந்தன. ஆசிரியர்கள், பாவம், தங்களால் இயன்ற மட்டும் வாட்சப்பிலே பயிற்சித் தாள்களை அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் இருந்ததோ ஒரேயொரு கைத்தொலைபேசி. அது பகலெல்லாம் தோட்டத்தில் இருக்கும். வியாபாரியோடு விலை பேசவும் அதுதான் வேண்டும். இரவு வீட்டுக்கு வந்ததும் திறந்து பார்த்தாற் பாடங்கள் வந்து குவிந்து கிடக்கும். அயல் வீட்டுப் பிள்ளைகள் செய்து முடித்து அனுப்பிய கொப்பிப் படங்களும் அதிலே கிடக்கும். அதைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பயம் பிடித்தது.

உடனே ஒரு நேரசூசி எழுதிச் சுவரில் ஒட்டினோம். 8 மணிக்குத் தமிழ், 8.40 க்குக் கணிதம், அதன் பிறகு சுற்றாடல். பகலில் விட்டுப்போனதை இரவு 8 மணிக்குமேல் இருத்தி முடிப்போம். பாடசாலையில் மணி அடிப்பதுபோல வீட்டிலே ஒரு கிண்ணத்தைக் கரண்டியாலே தட்டினோம். சிரிக்காதீர்கள், உங்களிற் பல பேர் தட்டியிருப்பீர்கள்.

மகன் நன்றாகவே வாசித்தான். தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தாற் பக்கம் பக்கமாகப் போவான். ஜூலை மாதத்துக்குள் புத்தகத்தின் பெரும் பகுதி முடிந்துவிட்டது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு நாள் மாலை, கொழும்புக்கு அனுப்புவதற்காகக் கட்டி வைத்த வெங்காயச் சாக்கு முற்றத்திற் கிடந்தது. அதன்மேல் "கொழும்பு" என்று மையினாற் பெரிதாக எழுதியிருந்தது. "இதை வாசி பார்ப்போம்" என்றோம். அவன் சாக்கைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், "வெங்காயம்" என்றான்.

புத்தகத்தை எடுத்து வந்து, படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்டோம். ஒரு சொல்லும் வரவில்லை. அக்காள் பக்கத்தில் இருந்து வாசிக்க வாசிக்க அவன் காதாற் கேட்டு முழுவதையும் மனனம் பண்ணியிருக்கிறான். படத்தைக் கண்டாற் பாடம் வரும். எழுத்தைக் கண்டால் வராது. நாங்கள் எண்ணியது பக்கத்தை. அவன் எத்தனை எழுத்தை அறிந்தான் என்று ஒரு நாளும் எண்ணவில்லை.

இதோடு நின்றிருந்தாற் பாதகமில்லை. அன்றிரவு கோபம் வந்துவிட்டது. நாங்கள் அடிக்கவில்லை. ஆனால் "நாலு மாதமாக எங்களை ஏமாற்றினாயா?" என்று கேட்டுவிட்டோம். ஆறு வயதும் நிரம்பாத பிள்ளையைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? மறு நாளிலிருந்து பாட நேரம் வந்தால் அவனுக்கு வயிற்றுக்குத்து. ஐந்தாறு நாள் கழித்து ஒரு காலையில் ஆளையே காணவில்லை. நம்முடைய தோட்டங்களிற் கிணறுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இருவரும் கத்திக்கொண்டு ஓடினோம். தண்ணீர் இறைக்கும் இயந்திரம் வைத்திருக்கும் கொட்டிலின் பின்னால் அவன் குந்தியிருந்து, தமிழ்ப் புத்தகத்தை மணலுக்குள் புதைத்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்குப் பாடமும் இல்லை, பேச்சும் இல்லை. மத்தியானம் எங்கள் தாயார்தான் வாய் திறந்தார். அவர் பள்ளிக்கூடம் போனவரல்லர். "தோட்டத்திலும் இப்படித்தானோ தண்ணீர் விடுகிறீர்கள்?" என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. நமது கற்பிட்டிக் குடாநாட்டு மண்ணிலே வெங்காயம் வைத்தவருக்கு அந்த ஒரு கேள்வி போதும். வெறும் மணல். ஒரேயடியாகத் தண்ணீரைப் பாய்ச்சினால் அது வேரிலே நில்லாமற் கீழே இறங்கிப் போய்விடும். போட்ட பசளையையும் அள்ளிக்கொண்டு போய்க் கிணற்றிலேதான் சேர்க்கும். ஆதலாற் கொஞ்சங் கொஞ்சமாக, அடிக்கடி விடுகிறோம். களிமண் நிலத்தான் இதைக் கண்டால் "இது என்ன வேலை, ஒரே முறையில் விட்டால் என்ன?" என்பான். அவன் நிலத்துக்கு அவன் முறை சரி. எங்கள் மகன் எந்த மண் என்று பாராமல் நாங்கள் நாலு மாதம் வெள்ளம் பாய்ச்சியிருக்கிறோம்.

நேரசூசியைக் கிழித்தோம். முதலாம் பாடத்துக்கும் முன்னாலே போனோம். பாயைக்கூட விரிக்கவில்லை, கிணற்றடியில் ஈரமணலைத் தட்டிச் சமப்படுத்தி, விரலால் எழுத வைத்தோம். மணலிலே ஒரு வசதி உண்டு. பிழை விட்டாற் கையாற் தடவிவிடலாம். சிவப்பு மை விழாது. நேற்று விட்ட பிழை இன்று கண்முன் கிடக்காது.

அப்போதுதான் அவன் எங்கே தடக்குகிறான் என்பது தெரிந்தது. அ, ஆ வருகிறது. க, கா, கி, கீ வருகிறது. கெ, கே, கை என்று வரும்போது நிற்கிறான். ஏன்? வளர்ந்த நமக்கு இது தோன்றாது. "கெ" என்று சொல்லும்போது முதலில் நாவில் வருவது ககரம்; எகரம் அதன் பின்னே வருகிறது. எழுத்திலோ கொம்பு முன்னே நிற்கிறது. பிள்ளை இடமிருந்து வலமாக ஒழுங்காக வாசிக்கிறது. கொம்பைக் கண்டதும் இதற்கு என்ன ஓசை என்று திகைக்கிறது. "கொ" இன்னும் மோசம். கொம்பு ஒரு பக்கம், கால் மறு பக்கம், நடுவிலே ககரம். "கொழும்பு" என்ற சொல்லிலே அவன் முதல் எழுத்திலேயே அடிபட்டுப் போனதற்குக் காரணம் சோம்பலும் அன்று, கள்ளமும் அன்று. அதன்மேல் ழகரம் வேறு! நாமே பேச்சில் ழகரத்தையும் ளகரத்தையும் ஒன்றாக்கிவிட்டு, பிள்ளை எழுதும்போது மாத்திரம் பிழை என்கிறோம்.

247 எழுத்து என்று ஒரே மூச்சிற் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு கொம்புக்கு எங்கள் மகன் எடுத்த காலம் மூன்று வாரம். நாளுக்குப் பத்து நிமிடம், காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிடுவோம். அவன் "இன்னும்" என்று கேட்டாலும் நிறுத்திவிடுவோம். களைத்துப்போய் எழும்புகிற பிள்ளை மறு நாள் களைப்பை நினைத்துக்கொண்டுதான் வந்து உட்காரும். இடையிற் சில காலம் பாடசாலை திறந்தது, மறுபடி மூடியது. மணற் பாடம் மாத்திரம் நிற்கவில்லை. கொம்பு பிடிபட்ட பின்பு மற்றவை வெகு விரைவில் வந்தன. மூன்று வாரம் வீணாயிற்று என்று எண்ணிப் பயந்திருந்தோம். அடுத்த இரண்டு மாதத்திலே அவன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தபோது அந்தப் பயம் போயிற்று.

நிற்க. மணலில் எழுதுவதை நாங்கள் கண்டுபிடித்ததாக யாரும் எண்ணிவிடக் கூடாது. நம் முன்னோர் திண்ணைப் பள்ளிக்கூடத்திலே செய்ததுதான் அது. அந்தத் திண்ணையில் இன்றைய வகுப்புப் போல ஒன்று இல்லை. ஒரே சட்டம்பியாரைச் சுற்றி ஒருவன் மணலில் அகரம் எழுதுவான். ஒருவன் எண்சுவடி ஒப்புவிப்பான். இன்னொருவன் ஏட்டில் நீதிநூல் படிப்பான். தன் பாடம் முடிந்தவன் அடுத்ததற்குப் போவான். முடியாதவன் அதிலேயே இருப்பான். முந்திப் படித்தவன் பிந்தி வந்தவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். பிரம்பும் இருந்தது, பொருள் அறியாது நெட்டுருப் பண்ணுவதும் இருந்தது, அவற்றை நாங்கள் புகழ வரவில்லை. எத்தனையோ சாதிப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் ஏற இடமே இருக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் அவனவன் நடைக்கு இடம் இருந்தது.

அந்திரு பெல் என்ற பாதிரியார் 1787 இல் சென்னைக்கு வந்து, எழும்பூரிலே போர்வீரரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையை நடத்தினார். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றிலே சிறுவர்கள் மணலில் விரலால் எழுதக் கண்டு, அதைத் தமது பாடசாலையிற் புகுத்தினார். மாணவனைக் கொண்டு மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தார். 1797 இல் இலண்டனில் அதைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அது "மதராஸ் முறை" என்ற பெயரோடு இங்கிலாந்திலே பரவிற்று. ஸ்கொத்லாந்திலே அவருடைய பணத்தைக்கொண்டு அமைந்த பாடசாலை ஒன்று மதராஸ் கல்லூரி என்ற பெயரோடு இன்றும் நடக்கிறது. நம் பிள்ளை மணலில் எழுதினால் நமக்கு வெட்கமாக இருக்கிறது. வெள்ளைக்காரன் அதைக் கப்பலேற்றிக்கொண்டு போனான்!

ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவர் எழுதிய பாலபாடங்களை இங்குள்ள பெரியோர்களிற் பலர் படித்திருப்பீர்கள். முதற் பாலபாடம், இரண்டாம் பாலபாடம் என்றுதான் பெயர். புத்தகத்தின் பெயரிலே வயது இல்லை, படிதான் இருந்தது. அமெரிக்காவிலே ஜோன் கரோல் என்ற உளவியலறிஞர் 1963 இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்த விஷயத்தை வேறொரு வழியாக விளக்கினார். திறமை என்று நாம் சொல்வதை, ஒன்றைக் கற்றுக்கொள்ள ஒருவனுக்கு வேண்டிய காலத்தின் அளவு என்றே கொள்ளலாம் என்பது அவர் கருத்து. அதாவது, ஒருவனுக்கு மூன்று நாள், மற்றவனுக்கு மூன்று வாரம். நாமோ இருவருக்கும் ஒரு வாரம் கொடுத்துவிட்டு, ஒருவனைக் கெட்டிக்காரன் என்றும் மற்றவனை மொக்கன் என்றும் பெயரிட்டு விடுகிறோம். வகுப்பில் நாற்பது பிள்ளைகளோடு நிற்கும் ஆசிரியரால் வேறு விதமாகச் செய்வது கஷ்டம். வீட்டிலே இரண்டு பிள்ளையோடு இருக்கிற நாமும் அப்படியே செய்தால் அதற்கு என்ன சாட்டுச் சொல்வது?

இதைக் கேட்டுவிட்டு, "மெதுவாகப் போகச் சொல்கிறார்கள்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் மகளின் கதை வேறு. அவள் விரைவானவள். பயிற்சித் தாள் வந்தாற் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுப்பாள். ஆகவே ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் பழைய வினாத்தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டோம். பின்னக் கணக்கிலே கூட்டல், கழித்தல் எல்லாம் சரி. ஒரு நாள் இரவு உரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும்போது, "மூன்றில் ஒரு பங்கு வேண்டுமா, நாலில் ஒரு பங்கு வேண்டுமா?" என்று விளையாட்டாகக் கேட்டோம். "நாலில் ஒன்று. நாலுதானே பெரிது" என்றாள்! கணக்குச் செய்யும் விதியை அறிந்திருக்கிறாள். பின்னம் என்றால் இன்னதென்று அறியவில்லை. உரொட்டியை நாலாக வெட்டிக் காட்டிய பின்புதான் விளங்கிற்று. அன்றைக்கு நாலில் ஒரு பங்கையே கொடுத்தோம்.

விரைந்து ஓடும் பிள்ளையை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போவது சரி என்று எண்ணியிருந்தோம். அவளுக்கு வேண்டியிருந்தது உயரம் அன்று, அகலம். அதன் பிறகு அவளுக்கு ஐந்தாந் தரக் கணக்கை முன்தள்ளிக் கொடுப்பதை நிறுத்தி, தோட்டத்துக் கணக்கைக் கொடுத்தோம். இத்தனை கிலோ விதை வெங்காயம் வைத்தால் இத்தனை கிலோ விளைந்தது. கழிவு போக எவ்வளவு. லொறிக் கூலி போக எவ்வளவு மிஞ்சும். சில நாட்களில் விடை கண்டு எங்களுக்குத்தான் தலை சுற்றிற்று.

2021 ஆம் ஆண்டுக்குரிய புலமைப்பரிசிற் பரீட்சை பிந்தி 2022 ஜனவரி 22 ஆந் திகதி நடந்தது. அவள் எழுதினாள். வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே வந்தாள். இதை ஏன் சொல்கிறோமென்றால், "நீங்கள் சொன்னபடி செய்தாற் பாஸ் பண்ணுவார்களா?" என்று கூட்டம் முடிந்ததும் ஒருவர் கேட்கத்தான் போகிறார். பழைய வினாத்தாளையே விடாமற் செய்திருந்தால் ஒருவேளை தாண்டியிருப்பாள். எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை என்று சொன்னாற் பொய். பரீட்சைக்கு என்று ஒரு வேகம் இருக்கிறது. அதையும் ஓரளவு பழக்கத்தான் வேண்டும். எந்த அளவு என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் இருவருக்கும் ஒரே அபிப்பிராயம் இல்லை.

பிள்ளையின் வேகத்தைப் பற்றிப் பேசுகிறோம். சொல்லிக் கொடுப்பவரின் வேகமும் உண்டல்லவா? மகாத்மா காந்தி தம் பிள்ளைகளை வீட்டிலே படிப்பித்தவர். 1897 இல் அவர் டர்பன் நகருக்குக் குடும்பத்தோடு போனபோது பத்து வயது மருமகனும், ஒன்பது வயதும் ஐந்து வயதுமான இரண்டு புதல்வர்களும் உடன் இருந்தார்கள். வெள்ளையர் பாடசாலையிலே தம் பிள்ளைகளுக்கு மாத்திரம் சலுகையாக இடம் பெற அவர் விரும்பவில்லை. மாதம் ஏழு பவுண் சம்பளத்தில் ஓர் ஆங்கில ஆசிரியையைச் சில காலம் வைத்துப் பார்த்தார், திருப்தி இல்லை. தாமே கற்பித்தார். வேண்டிய அளவு நேரத்தைத் தம்மாற் கொடுக்க முடியவில்லை என்பதை அவரே தமது சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். அந்தக் குறை புதல்வர்கள் மனத்திலும் இருந்தது. எவ்வளவு பெரிய மனிதரானாலும் பிள்ளைக்கு நேரம் நேரந்தான்.

1910 இல் ஜோகானஸ்பேர்க்குக்கு அருகே டால்ஸ்டாய் பண்ணை அமைந்தபோது அங்கிருந்த பிள்ளைகளுக்கும் அவரே ஆசிரியர். நண்பர் கலன்பாக் அவருக்குத் துணை. அவர்களிலே தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்குத் தமிழெழுத்துக் கற்பித்தவர் காந்தி! போப்பையரின் தமிழ்க் கைந்நூலைக்கொண்டு தாம் கற்ற சொற்பத் தமிழை வைத்துக் கற்பித்தார். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று பிள்ளைகளிடமே சொன்னார். காலையில் எல்லோருக்கும் தோட்ட வேலை. ஆதலாற் பாடம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். ஆசிரியருக்கும் தூக்கம், மாணாக்கருக்கும் தூக்கம். கண்ணிலே தண்ணீர் தெளித்துக்கொண்டு படித்தார்களாம்.

இதை வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, ஆறுதலும் வந்தது. நாங்களும் பகல் முழுவதும் தோட்டத்தில் நின்றுவிட்டு இரவு எட்டு மணிக்குமேல் பிள்ளைகளை இருத்திக் கத்தியவர்கள்தாம். அந்த நேரத்திற் பிள்ளை மெத்தனமாகத் தோன்றியதில் பாதி எங்களுடைய களைப்பு. பெரிய பாடத்தை மாலை நாலரைக்கு மாற்றினோம். வீட்டிற் சண்டை பாதியாய்க் குறைந்தது.

திரும்பப் படிப்பதைப்பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மனியிலே எபிங்ஹவுஸ் என்பவர் பொருளில்லாத அசைகளைத் தாமே மனனம் பண்ணி, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே சோதித்து 1885 இல் ஒரு நூல் எழுதினார். மறதியிற் பெரும் பகுதி முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது என்றும், ஒரே நாளிற் பல முறை படிப்பதைவிடப் பல நாட்களிற் பிரித்துப் படித்தால் நன்றாக நிற்கிறது என்றும் கண்டார். ஆகவே இன்று படித்ததை நாளை ஒரு தரம், இரண்டு நாள் விட்டு ஒரு தரம், அடுத்த கிழமை ஒரு தரம் கேளுங்கள். கேட்கும்போது பிள்ளை மறந்திருந்தாற் கோபம் வேண்டாம். மறப்பது இயற்கை, அதற்காகத்தானே கேட்கிறோம்.

தாய்மார்கள் சிலர் எங்களிடம் சொல்வதுண்டு: "எங்களுக்கு எழுத்தே சரியாகத் தெரியாது, நாங்கள் எப்படிப் பார்ப்பது?" நமது பக்கத்திலே தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய், தகப்பன் கடலுக்குப் போய், பாட்டியோடு இருக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! எழுத்தறியாத பாட்டிக்கும் ஒரு வழி உண்டு. "இன்றைக்கு என்ன படித்தாய், எனக்கு விளங்கச் சொல்லு பார்ப்போம்" என்று கேட்கலாம். விளங்கியிருந்தாற் பிள்ளை தன் சொல்லிலே சொல்லும். விளங்காவிட்டாற் புத்தகத்தின் சொல்லிலே ஒப்புவிக்கும், அல்லது மழுப்பும். அதைக் கண்டுபிடிக்க எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. எங்கள் தாயார் எங்களுக்கு முன்பே மகனைப்பற்றிச் சந்தேகப்பட்டிருக்கிறார். "அவன் புத்தகத்தைப் பார்க்காமலே வாசிக்கிறானே" என்று ஒரு முறை சொன்னார். கெட்டித்தனம் என்று நினைத்து நாங்கள் சிரித்தோம்.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். பிள்ளைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முற்றத்தில் நின்று பேசாதீர்கள். "அவன் இந்த வயதிலே பேப்பர் வாசிக்கிறான், இவனுக்கு இன்னும் எழுத்துக் கூட்ட வராதா?" என்பது உங்களுக்கு ஒரு நிமிடப் பேச்சு. தாய் தகப்பன் அன்றிரவே பிள்ளையை இருத்தி வைத்துத் துரத்துவார்கள். நாங்கள் ஓடிய ஓட்டத்திற் பாதி அயலாரின் வாய்க்குப் பயந்து ஓடியதுதான்.

இளைஞர்களே, உங்களோடுதான் முக்கியமான பேச்சு. அந்த இரண்டு வருஷம் முடிந்து பாடசாலைகள் ஒழுங்காகத் திறந்தபோது, நம் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் போகவில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். படகிற் போனாற் கையிற் காசு கிடைக்கிறது. வெங்காயம் பிடுங்கப் போனாலும் கிடைக்கிறது. வறுமை ஒரு காரணம். நாங்கள் அறிந்த மட்டிலே வெட்கம் மற்றொரு காரணம். எழுத்துக் கூட்ட வராத நிலையிலேயே மேல் வகுப்பிற் போய் உட்காருவதற்கு எந்தப் பையனுக்கு மனம் வரும்? அவனுக்கு மறுபடி முதலாம் பாடத்திலிருந்து, யாரும் சிரிக்காமல், பத்துப் பத்து நிமிடமாகச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ரியூசன் வகுப்பிலே அது நடவாது. அங்கேயும் வினாத்தாள்தான் ஓடுகிறது. உயர்தரம் படித்துவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் தம்பிமாரும் தங்கைமாரும் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஒருவருக்கு இரண்டு பிள்ளை. அதற்கு மேல் வேண்டாம். ஒரு எச்சரிக்கை மாத்திரம்: இளம் பிராயத்தவருக்குப் பொறுமை குறைவு. நீங்கள் ஒரு நொடியிற் செய்வதை எதிரே இருப்பவன் செய்யாவிட்டால் விடையை நீங்களே சொல்லிவிடுவீர்கள். வாயைக் கட்டிக்கொண்டு இருபது எண்ணுங்கள். எங்கள் மகளுக்கு இதைப் பழக்க ஆறு மாதம் சென்றது. தம்பிக்கு விடையைக் காதிலே சொல்லிச் சொல்லிக் கெடுத்தவள் அவள்தானே!

மகனைப்பற்றிக் கேட்பீர்கள். இப்போது ஆறாந் தரத்தைத் தாண்டிவிட்டான். இன்றைக்கும் வாசிப்பிற் சற்று நிதானந்தான். வகுப்பில் முதலாம் பிள்ளை அல்லன். ஆனால் வெங்காயச் சாக்கிலே ஊர்ப் பெயர் எழுதுவது அவன் வேலை. வேறு யாரும் எழுதக் கூடாது. அவன் அன்று புதைத்த புத்தகம் இன்னும் எங்களிடம் இருக்கிறது. விரித்தால் தையலிலிருந்து மணல் உதிர்கிறது.

வருகிற சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு இந்த மண்டபத்தைத் திறந்து தரத் தலைவர் அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். பாய்களை நாங்கள் கொண்டுவருகிறோம். மணலுக்கு நம்மூரிற் பஞ்சமில்லை. பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியைக் காணுங்கள். பிள்ளையை அனுப்ப விரும்பும் தாய்மார்கள் பெயர் கொடுக்க வேண்டியதில்லை, சும்மா அனுப்பிவிடுங்கள்.